பக்கத்து வீட்டுக் குழந்தை

"கைக்குழந்தை இருக்குன்னு மட்டும் இன்டர்வியூல சொல்லிராத மாஜிதா. அவங்களா கேட்டாலும் சொல்லாத" என்றார் போனில் சந்தோஷ்குமார். தென்காசியில் மாஜிதா வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுடைய மேனேஜர்.

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா சார்?"

"வேலை வேணுமா, வேண்டாமா? ஆறு மாசம் லீவுல போயிட்டு வந்த. நீ பாத்த புராஜெக்டைத் தூக்கி புவனேஷ்கிட்ட கொடுத்தாச்சு. இப்ப ஸ்வீடன் ஆபீஸ்ல ஒரு டீம் லீடர் இடம் வருது. இங்கன இருந்தே பாக்கலாம். பிள்ளைக்காரின்னு தெரிஞ்சா பேரை அடிச்சிருவான்."

மாஜிதாவுக்கு அது ஆறு வருடம் பார்த்த வேலை. லீவு முடிந்து வந்த இரண்டு மாதமாக, புவனேஷ் அனுப்புகிற பிழைத் திருத்தங்களைச் செய்துகொண்டிருக்கிறாள். புவனேஷ் அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன்.

மூன்று மணிக்கு வீட்டிலிருந்தே நேர்காணல். நாற்காலிக்குப் பின்னால் கொடியில் காய்ந்த குட்டிச் சட்டைகளை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எட்டு மாத ஜன்னத்துக்குப் பால் கொடுத்து, கணவன் முஃபீதிடம் நீட்டினாள். செல்போன் கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருந்தான் அவன்.

"மச்சான், பிள்ளை அழுதா வெளிய தூக்கிட்டுப் போயிருங்க."

"சாரல் அடிக்குதுட்டி. பச்சப்பிள்ளைய எங்கன தூக்கிட்டுப் போவ?"

"அப்ப பின்கட்டுல நில்லுங்க. அரை மணி நேரந்தான்."

முஃபீத் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

திரையில் வந்தவர் பெயர் லார்ஸ். நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்துதான் பேசினார். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். இருபது நிமிடமும் வேலை பற்றியே பேச்சு. மாஜிதா எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை.

"முதல் இரண்டு மாதம் வேலை கடுமையாக இருக்கும். வீட்டில் உங்களுக்குச் சிரமம் ஏதும் இருக்காதே?"

"இல்லை. நானும் என் கணவரும் மட்டும்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

மாஜிதா பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். லார்ஸ் பேச்சை நிறுத்திவிட்டார்.

"மன்னிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை" என்றாள். அழுகை கூடியது. "எப்போதும் இப்படித்தான், ஒரே தொந்தரவு. ஒரு நிமிடம், கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்."

எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள். முஃபீத் தூணோரம் அசையாமல் நின்றிருந்தான். அவன் தோளில் ஜன்னத் வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

'என்ன?' என்று புருவத்தை உயர்த்தினான் அவன்.

மாஜிதா திரும்பி வந்து உட்கார்ந்தாள். திரையில் லார்ஸின் நாற்காலி காலியாக இருந்தது. சற்று நேரத்தில் அவர் வந்தார். மடியில் முகம் சிவந்த ஒரு குழந்தை, இன்னும் விம்மிக்கொண்டு.

"பக்கத்து வீடு இல்லை, அழுதது என் மகள்" என்று சிரித்தார். "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இந்த இடம் காலியாவதே இவளால்தான். திங்கட்கிழமையிலிருந்து எட்டு மாதம், இவளைப் பார்த்துக்கொள்ள நான் லீவில் போகிறேன்."