ஆறாவது புள்ளி

"அந்த டிரைவர் என் நிலத்துல நாலடியை முழுங்கிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டிருக்கான். பழைய படத்தை வெச்சு நிரூபிச்சுக் குடுங்கம்மா, அது போதும்."

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் மனுவை மேஜைமேல் வைத்தார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அவர் வீட்டுப் பக்கவாட்டு அறையும், அடுத்த வீட்டு டிரைவரின் கார் ஷெட்டும் உரசாத குறையாக நிற்கின்றன. ஷெட்தான் தள்ளி வந்துவிட்டது என்பது வாத்தியார் கட்சி.

வரைபட அலுவலகத்தில் அந்த வேலை பூதக்கண்ணாடியிடம் வந்தது. எதையும் துருவாமல் விடமாட்டாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர்.

நாற்பது வருஷத்துக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. இரண்டு மனைக்கும் நடுவே அப்போதிருந்த வேலி அதில் கோடாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் போட்டோ இன்றைய வரைபடத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! அன்றும் இன்றும் இருக்கிற இடங்களாகத் தேடிப் பிடித்து, போட்டோவில் ஒரு புள்ளி, வரைபடத்தில் அதற்கு ஜோடியாக ஒரு புள்ளி என்று வைக்க வேண்டும். புள்ளிகள் சரியாக விழுந்தால் படம் தானாகப் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொள்ளும்.

பாலத்தின் மூலை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மதில் என்று தெருத்தெருவாக அலைந்ததில் ஐந்து தேறின. ஆறாவதாக ஒரு கிணறு. டிரைவரின் கொல்லையில், போட்டோவில் கறுப்பு வட்டமாகப் பளிச்சென்று இருந்தது. இப்போது மூடியாகிவிட்டது.

"கிணறு எந்த இடத்துல இருந்துச்சு, ஐயா?"

டிரைவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

"படம் மங்கலா இருக்கேம்மா. ஒண்ணும் தெரியலைன்னு எழுதிட்டா என்ன?"

"நல்லாத்தான் தெரியுது, ஐயா."

"இந்தக் கிணத்தை வெச்சா வேலியை அளப்பீங்க?"

"இதையும் வெச்சு."

வாத்தியார் வீட்டு அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு நடந்து போய்க் காலால் தரையைத் தட்டினார். "இங்கதான்."

ஆளு முழியே சரியில்லை என்று நினைத்துக்கொண்டே குறித்தாள்.

அலுவலகத்தில் கணக்குப் போட்டபோது ஐந்து புள்ளிகள் அரை அடிக்குள் ஒத்துப்போயின. ஆறாவது மட்டும் நாலடி தள்ளி நின்றது.

"மாட்டினாரு!" என்றாள்.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்தக் கிணத்தைத் தூக்கிக் கடாசிட்டு, அஞ்சை வெச்சு முடி. டீ ஆறுது."

டீ ஆறியேவிட்டது. நாலடி எந்தப் பக்கம் என்று பார்த்தவளுக்கு நெற்றி சுருங்கியது.

கிணற்றை இன்னும் தன் வீட்டுப் பக்கமாகத் தள்ளிக் காட்டியிருந்தார் டிரைவர். அதை நம்பிப் படத்தை நகர்த்தினால் வேலியும் கூடவே நகர்ந்து அவர் நிலத்துக்குள் வந்துவிடும்.

"பொய் சொல்ற மனுஷன் தனக்கே நஷ்டம் வர்ற மாதிரியா சொல்லுவாரு?"

"மறந்திருப்பாரு, விடு."

விடவில்லை. கிணற்றை எடுத்துவிட்டு, ஐந்து புள்ளிகளை மட்டும் வைத்துப் படத்தைப் படுக்கவைத்தாள். வேலிக்கோடு ஷெட்டின் பக்கமே போகவில்லை. நேராக வாத்தியாரின் பக்கவாட்டு அறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நாலடி முழுங்கியிருந்தது வாத்தியார் வீடு!

மறுநாள் காலையில் முதல் வேலையாக டிரைவர் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார்.

"எழுதித்தான் ஆகணுமாம்மா?"

"ஆகணும், ஐயா. உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா கிணத்தை மாத்திக் காட்டினீங்க?"

அவர் சொன்னார். அவள் கிளம்பும்போது, "இதையும் சேர்த்து எழுதிக்குங்கம்மா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் அவர்.

வாத்தியார் வாசலிலேயே காத்திருந்தார்.

"என்னம்மா, எத்தனை அடி?"

"நாலடிதான் சார். நீங்க சொன்ன அளவு சரி."

ஜெயித்த முகத்தோடு காகிதத்தை வாங்கினார். படிக்கப் படிக்க அந்த முகம் விழுந்தது. வாத்தியார் வீட்டு அறை நாலடி டிரைவர் நிலத்தில் இருக்கிறது என்பது முதல் வரி. அந்த நாலடியை, அறை கட்டும்போதே தான் கொடுத்துவிட்டதாக டிரைவர் எழுதித் தந்திருக்கிறார் என்பது இரண்டாவது வரி.

"குடுத்தாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" காகிதத்தை இறக்கினார். "அறை கட்டிப் பன்னிரண்டு வருஷம்... அஸ்திவாரம் தோண்டும்போதே தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை அவரு?"

"நானும் அதையேதான் கேட்டேன், சார். ‘கால் போன பொண்ணை ஆஸ்பத்திரியில வெச்சுக்கிட்டு, அது வீட்டுக்கு வந்தா அறைக்குள்ள சக்கர நாற்காலி திரும்ப இடம் பத்துமான்னு அளந்துக்கிட்டிருந்த மனுஷன்கிட்ட, நாலடிக்கு நான் எப்படிம்மா பேச்செடுக்கிறது’ன்னு திருப்பிக் கேட்டாரு."