ஓசி மென்பொருள்

வீட்டு டிவியில் பார்க்கப் படங்களைச் சேர்த்துவைக்கும் சர்வர் கம்ப்யூட்டருக்குக் காசு கட்டி வாங்கும் மென்பொருளே போடலாம் என்று மனைவி சொன்னதும், கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான்.

"ஓசியில கிடைக்கிறப்ப கம்பெனிக்காரனுக்கு ஏன்டி அழணும்?"

"அதுதான் நல்லதுங்க."

ஆத்திரம் தலைக்கேறியது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, இலவசமானதையே அவள் போட்டுக்கொடுத்தாள்.

மறுவாரம் அவள் அண்ணன் போலீசோடு வந்து நின்றார். "தினமும் எங்க வீட்டு டிவியில உன்னைத்தான்டா பாக்குறோம்."

மனைவியை வேவு பார்க்க ஹாலில் அவனே மாட்டிய கேமரா. அதன் பதிவுகளையெல்லாம் சர்வரில் ஏற்றி, அண்ணனுக்குத் திறந்துவிட்டிருந்தாள்.

"ஓசி வேணாம்னு சொன்னாத்தான் இதைப் போடச் சொல்வீங்கன்னு தெரியும்," என்றாள். "காசு கட்டினதுன்னா உங்க பேர்ல கணக்கு இருக்கும், யார் பாத்தாலும் உங்க போனுக்குச் சொல்லிடும். இது போட்டவ பேச்சைத்தான் கேக்கும்."