சாம்பல் நிற வரிகள்

லிஃப்ட் செய்யும் கம்பெனியின் வின்னிபெக் அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாம் வாரமே எமெட்டின் வேலை ஆட்டம் கண்டது. கம்பெனியின் கையேடுகளை வலைப்பக்கமாக மாற்றும் மென்பொருளில், நிரல் வரிகளுக்கு வண்ணம் பூசும் வசதியை அன்று காலைதான் சேர்த்திருந்தான். மதியம் தலைவி டோரீன் கீழ்த்தளத்திலிருந்து போனில் கத்தினாள்.

"நம்ம கையேட்டுல பத்து வரி சாம்பலா நிக்குது! என்னய்யா வேலை இது?"

"சாம்பல்னா, கம்ப்யூட்டர் படிக்காம தாண்டிப் போற குறிப்புன்னு அர்த்தம், டோரீன்."

"எனக்கே பாடமா? ஓடுற நிரலை அப்படியே கையேட்டுல போட்டிருக்கோம். பதினோரு வருஷமா ஓடுது. தப்பு உன் வண்ணத்துலதான். நான் மேல வர்றதுக்குள்ள சரியாகலேன்னா, மூட்டையைக் கட்டிக்கோ!"

எமெட் போனை வைத்தான். தன் வேலையை வரி வரியாகச் சோதித்தான். பிழையே இல்லை. பிறகுதான் கையேட்டைப் படித்தான். யாரோ எழுதிய குறிப்புக்கு முடிவுக்குறி போட மறந்திருந்தார்கள். அதனால் கீழே இருந்த பத்து வரிகளையும் கணினி குறிப்பென்றே எண்ணி, பதினோரு வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறது.

அவை என்ன வரிகள் என்று பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். போனை எடுத்தான்.

"டோரீன், எங்க இருக்கீங்க? வராதீங்க!"

"பயந்துட்டியா? கதவு திறந்தாச்சு, ஏறப் போறேன்."

"ஏறாதீங்க! இந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் நாம செஞ்சதுதானே? வேகம் மீறினா பிரேக் போடுற வரிங்கதான் அந்தப் பத்தும்!"

சற்று நேரத்தில், படிக்கட்டில் குதிகால் சத்தம் மெல்ல மேலேறி வந்தது.