சாப்பிட்ட பிறகு கேளுங்க

“பசியில இருக்கிறவர்கிட்ட போய் எதையும் கேட்டுத் தொலைக்காதீங்க. மூளைக்குச் சர்க்கரை குறைஞ்சா, கோபத்தைக் கிளப்புற ஹார்மோன் எகிறிடும். மேனேஜர் வயிறு நிறையட்டும், அப்புறம் கேளுங்க” என்று கணக்கருக்கு அவருடைய நர்ஸ் மனைவி காலையிலேயே பாடம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

கேட்க வேண்டியது பதவி உயர்வு. அவருக்குப் பல வருஷமாகக் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத சமாச்சாரம்.

மதியம் மேனேஜர் அறையிலிருந்து திருப்தியான ஏப்பம் ஒன்று கேட்டது. கணக்கர் உள்ளே நுழைந்தார்.

“வாங்க, வாங்க! உட்காருங்க.” மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

மனைவியின் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கணக்கர் விஷயத்தைச் சொன்னார்.

“அதுக்கென்ன, தாராளமா செஞ்சிடலாம். எந்தப் பிரிவுக்குன்னு சொன்னீங்க?”

“இப்பத்தானே சொன்னேன்! காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?”

கத்திய பிறகுதான் கணக்கருக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆபீஸில் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. தலை கிறுகிறுத்தது. பதவி உயர்வென்ன, இருக்கிற வேலையும் போச்சு என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜர் கோபப்படவில்லை. மேசை மேலிருந்த காலி டிபன் பாக்ஸை மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

“உங்க வீட்டுச் சமையல் பிரமாதம். நாளைக்கே உத்தரவு போட்டுடறேன். ஆனா இனிமே இப்படி மொத்தத்தையும் எனக்கே கொடுத்துட்டு நீங்க பட்டினியா வராதீங்க சார், பயமா இருக்கு!”