வால்வுக்குக் காவல்

“கையை எடுங்க சார்! என்ன ஆனாலும் சரி, இன்னைக்கு இந்த வால்வைத் திறக்க விடமாட்டேன்.”

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரி, வால்வை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எதிரே வீட்டு ஓனர். தலையெல்லாம் ஷாம்பு நுரை, இடுப்பில் துண்டு. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஓனர் குடியிருப்பது மூன்றாவது மாடி. அதற்கு நேர் கீழே அவள் வீடு. அங்கே படுக்கையறைச் சுவர் நாலு மாதமாகச் சொட்டுகிறது. தைக்க வந்த துணியெல்லாம் பூஞ்சை பிடித்து, பாதிப் பேர் வேறு கடைக்குப் போயாயிற்று. “என் வீட்டுக் குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் பாத்ரூம்தான் ஒழுகுது. இன்னைக்குள்ள சரி பண்ணலேன்னா நாளைக்கே காலி பண்ணு” என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போன இரண்டு தடவையும் பிளம்பர் ஒட்டிய பசை காய்வதற்குள் யாரோ புண்ணியவான் வால்வைத் திறந்துவிட்டதாகப் பேச்சு. இன்றைக்கு மறுபடியும் பிளம்பர் கீழே அவள் பாத்ரூமில் வேலை செய்கிறான்; அதனால்தான் இந்தக் காவல்.

“ஏம்மா, கண்ணு எரியுது. ரெண்டே நிமிஷம். தலையை அலசிட்டு ஓடிடறேன்.”

“உங்களுக்கு ரெண்டு நிமிஷம். எனக்கு வீடே போயிடும் சார்.”

“நான் யாருன்னு தெரியுமில்ல? இந்த பில்டிங்கே என்னுது!”

“தெரியும் சார். இதே பில்டிங்ல மத்த பதினோரு வீடும் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கு? ஒருத்தராவது மேல வந்தாங்களா? உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?”

ஓனர் மனைவி வந்து மாவுக் கையை நீட்டிக் கெஞ்சினாள்.

“துணியில துடைச்சுக்கங்கம்மா” என்றாள் தையல்காரி, இடத்தை விட்டு நகராமல்.

இதுவும் வீணானால், படிக்கிற மகளை அழைத்துக்கொண்டு எங்கே போவாள்?

படியில் தடதடவென்று சத்தம். பிளம்பர் ஓடிவந்தான், தெப்பலாக நனைந்து.

“என்னக்கா, வால்வை மூடலையா? டைல்ஸை உடைச்சு இப்பத்தான் குழாயைக் கழட்டினேன், மூஞ்சியிலயே பீச்சி அடிக்குது! துணியைச் சுத்திட்டு ஓடிவரேன்.”

“மூடி ஒரு மணி நேரமாச்சு தம்பி. இதோ பாரு.”

அவன் குனிந்து, அந்தக் குழாய் போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “நான் சொன்ன வால்வு தொட்டிக்கு அந்தப் பக்கம்க்கா. இது ஓனர் வீட்டுக்கு மட்டும் தனியாப் போற லைன். சாருக்கே தெரிஞ்சிருக்காது.”

அவள் சட்டென்று வால்விலிருந்து கையை எடுத்தாள். ஓனர் துள்ளிக் குதித்தார்.

“எந்த வால்வுன்னே தெரியாம என்னைப் பாடா படுத்திட்டியேம்மா! நாளைக்கு நீ காலி!”

“இருங்க சார்” என்று பிளம்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அக்கா வீட்டுக் குழாயில தண்ணி இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நானும் எதையும் மாத்தலை. ஆனா, அந்த பெட்ரூம் சுவர்ல சொட்டு நின்னு அரை மணி நேரமாச்சு.”

தையல்காரி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

“உங்க பாத்ரூம் எந்தப் பக்கம் சார்?”