பழமில்லாத கோப்பை

கோப்பையைக் கையில் வாங்கிய டாரில் அதை முகர்ந்து பார்க்கவில்லை. முதலில் மார்லிஸின் முகத்தைப் பார்த்தான்.

இதைத்தான் அவள் இரண்டு மாதமாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உடையவில்லை. உள்ளே, அவர்களுடைய சின்ன பீர் ஆலையின் ஐந்தாம் தொட்டியில், அடுத்த சனிக்கிழமை விற்பனைக்கான பீர் தயாராகிக்கொண்டிருந்தது. ராஸ்பெர்ரி சீஸ்கேக் மாதிரி ருசிக்க வேண்டிய புளிப்பு பீர். பழக்கூழ், பால் சர்க்கரை, வனிலா, பிஸ்கெட் தூள் எல்லாம் அதற்குள் போயிருந்தன.

காய்ச்சுவது டாரில். ருசி பார்த்துச் சரி சொல்வது அவன் மனைவி மார்லிஸ். பீர் டப்பாவின் மேல் ஒட்டும் வர்ணனையும் அவள் எழுதுவதுதான். அதைப் படிப்பதற்காகவே வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

பிப்ரவரியில் இருவருக்கும் காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகுதான் டாரில் மாறிப்போனான்.

முன்பெல்லாம் ஒரு கரண்டி வனிலாவுக்காக அரைமணி நேரம் சண்டை போடுவான். இப்போது அவள் எதைச் சொன்னாலும் “சரி, சேர்த்துடறேன்” என்று நகர்ந்துவிடுகிறான்.

பழமே தெரியவில்லையே என்று அவள் சொன்னால், நிறைய இருக்கிறதே என்று முணுமுணுப்பான். பிறகு வாயை மூடிக்கொள்வான்.

விடியற்காலை ஐந்து மணிக்கே, அவள் எழுவதற்குள், இங்கே வந்துவிடுகிறான். கேட்டால் பம்பில் ஏதோ சத்தமாம். பம்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம், நல்ல பாலை எடுத்துக் கெட்டுப்போய்விட்டதென்று கொட்டினான். தனக்கு மூக்கு வேலை செய்கிறதென்று காட்டிக்கொள்ளத்தான். அவளுக்குப் புரியாதா என்ன?

இவனுக்கு மூக்கு போய்விட்டது. மறைக்கிறான். மூக்கில்லாதவன் காய்ச்சும் பீரைப் பற்றி நான் வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காகத்தான் இன்று இந்தக் கோப்பை.

அதில் ராஸ்பெர்ரி ஒரு துளிகூடக் கிடையாது. பக்கத்துத் தொட்டியிலிருந்த வெறும் புளிப்பு பீரில் சர்க்கரையைக் கரைத்து, நிறத்துக்கு வேகவைக்காத பீட்ரூட்டின் சாறு விட்டிருந்தாள். அந்த மண் வாசனையை, மூக்குள்ள எவனும் கை நீட்டும் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான்.

டாரில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே நின்றான். மறுபடியும் அவளைப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான்.

“நல்லா வந்திருக்கு.”

மார்லிஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன.

“டாரில், அதுல ராஸ்பெர்ரியே இல்ல.”

“தெரியும். பீட்ரூட்.”

மார்லிஸ் கோப்பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் நல்லா வந்திருக்குன்னு சொன்னியா?”

“நீ வேணும்னு ஊத்தினியா, தெரியாம ஊத்திட்டியான்னு எனக்குப் புரியல.” அவன் கோப்பையை மேஜையில் வைத்தான். “ரெண்டு மாசமா இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், மார்லிஸ்.”

ஐந்தாம் தொட்டிக்குப் போய் இன்னொரு கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்தான். கூழ் மாதிரி கெட்டியாக, மேலே இளஞ்சிவப்பு நுரை.

“மோந்து பாரு. நேத்து இதுல ரெண்டு வாளி பழக்கூழ் கூடுதலாவே ஊத்தியிருக்கேன்.”

முகர்ந்தாள். குளிர்ச்சி தெரிந்தது. நுரை மூக்கு நுனியில் சுருக்கென்று குத்தியது.

குடித்தாள். புளிப்பு. பிறகு இனிப்பு. பிறகு எதுவுமில்லை.

பீட்ரூட் கோப்பையை எடுத்து அதையும் குடித்தாள்.

இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அவள் உட்கார்ந்தாள். விடியற்காலையில் அவன் இங்கே வந்து என்ன செய்துகொண்டிருந்தான் என்று இனி கேட்க வேண்டியிருக்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

“போன மாசம் பீச் பீருக்கு வனிலா பத்தலைன்னு சொன்னேனே. எவ்வளவு சேர்த்த?”

“சேர்க்கவே இல்ல.”

அந்தப் பீருக்காக ஆட்கள் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே நாளில் தீர்ந்துபோனது.

“பாவி! அந்த வனிலாதான் பீரையே காப்பாத்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே!”

“நானும் பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தேன்.”

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாரில் அருகில் வந்து நின்றான். கையை அவள் தோளில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டான்.

சற்று நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேஜையில் கிடந்த தாளையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்தாள். வர்ணனை மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

“சொல்லு. என்ன வாசனை அடிக்குது?”

“ராஸ்பெர்ரி.”

“அது டப்பாவுல படமாவே இருக்கு. மேல சொல்லு.”

டாரிலின் காதுகள் சிவந்தன. திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவன் எந்த வாசனையைப் பற்றியும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. கோப்பைக்குள் மூக்கை விட்டபடி வெகுநேரம் நின்றான்.

“பேக்கரியைப் பூட்டிட்டாங்க,” என்றான். “ஆனா அடுப்புச் சூடு இன்னும் ஆறல. உள்ள யாரோ பழத்தைப் பிசைஞ்சிட்டு... கை கழுவாமலே போயிட்டாங்க.”

மார்லிஸ் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

பிறகு, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.