மாத்திரைக்குப் பின் எடுத்த பதிவு

மனித குலத்திலேயே அசையாமல் உட்காரத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். அக்கா மகளுக்கு ஏழு வயது. எங்கே உட்கார்ந்தாலும் அவள் குதிகால் நாற்காலிக் காலை டக், டக் என்று இடித்துக்கொண்டே இருக்கும். அவளுக்குத் தையல் மிஷின் என்று பெயர் வைத்தவன் நான். இப்போது மூளை அலைகளைப் பதிவு செய்யும் அறையில், தலை முழுக்க ஒயர்களோடு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் எடுத்த பதிவுக்கு, "காலை ஆட்டாதே கண்ணு" என்று டெக்னீஷியன் பதினொரு முறை சொன்னார். கவனம் நிற்பதற்கான மாத்திரையைப் போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து எடுக்கும் இந்தப் பதிவுக்கு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. திரையின் பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தில் அப்படியே நிற்கிறது. "மூளையோட முன்பக்கத்துல மந்தமான அலை குறைஞ்சிருக்கு பாருங்கம்மா. மருந்து நல்லாவே கேக்குது" என்று அக்காவிடம் சொல்கிறார் டெக்னீஷியன். தினமும் கொடுக்கலாமா வேண்டாமா என்று அக்காதான் டாக்டரிடம் இன்று சொல்ல வேண்டும். அவள் திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கிறாள்.

"மாமா, இந்த ஃபேன் முதல்லேருந்தே ஓடுதா?"

"காலையிலேருந்து ஓடுதுடி."

"ஓ."

வழக்கமாக அந்த ஓவுக்குப் பின்னால் ஒன்பது கேள்விகள் வரும். காத்திருக்கிறோம். ஃபேன் மட்டும் ஓடுகிறது. அப்போது டக், டக் என்று கேட்கிறது. அக்கா ஆசையாக மகளின் கால்களைக் குனிந்து பார்க்கிறாள். அவை அசையாமல் தொங்குகின்றன. பிறகு மெல்ல என் காலைப் பார்க்கிறாள். நான் நிறுத்தவில்லை.